நாய் கடிக்கப் பச்சை எலும்பு: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

நாய் வளர்க்கத் தொடங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் கேள்வி, எலும்பு போடலாமா என்பது. அக்கம்பக்கத்தில் கேட்டால் "நாய்க்கு எலும்பு போடாம வேற என்ன போடுவீங்க?" என்பார்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. உடைந்த கடைவாய்ப் பல்லோடும் உணவுக்குழாயில் சிக்கிய துண்டோடும் வரும் நாய்களைப் பார்ப்பவர் அவர்தான்.

அதே நேரம், பொருத்தமான பச்சை எலும்பால் நாய்க்குக் கிடைக்கும் நன்மையும் உண்மையானது. கடித்து, சுரண்டி, நக்கி முடித்த நாய் அதன் பிறகு அமைதியாகப் படுத்துவிடும். செருப்பும் சோபாவும் தப்பிக்கும். பல்லில் படியும் காரையும் குறையும். 2016-இல் பிரேசில் ஆய்வாளர்கள் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தபோது, மூன்று வாரத்துக்குள்ளேயே பற்காரை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அது சில நாய்களை வைத்துக் குறுகிய காலத்துக்கு நடத்தப்பட்ட ஆய்வு. அதை வைத்து எல்லா நாய்க்கும் எல்லா எலும்பும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலும்பால் வரும் கேடுகளில் பெரும்பகுதி தப்பான எலும்பை வாங்குவதால் வருவது. அதைக் கடை வாசலிலேயே தடுத்துவிடலாம். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

வெந்த எலும்பு கூடவே கூடாது

இதில் விதிவிலக்கே கிடையாது. எலும்பு என்பது வெறும் சுண்ணாம்புச் சத்து மட்டுமல்ல. அதனூடே கொலாஜன் என்ற புரதம் பின்னிக் கிடக்கிறது. எலும்புக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தன்மை அதனால்தான் வருகிறது. வேகவைக்கும்போது அந்தக் கொலாஜன் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும். எலும்பு சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாகித் தளதளவென்று நிற்பது அதனால்தான். சட்டியில் மிஞ்சும் எலும்பு மொறுமொறுப்பாகிவிடும். நாய் கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும்.

ஆகவே குழம்பில் மிஞ்சியது, சூப் வைத்துச் சக்கையானது, பிரியாணித் தட்டில் ஒதுக்கியது எதுவும் வேண்டாம். பிரியாணி எலும்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் ஊறியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. விருந்தாளிகள் வந்தால் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாசத்தில் மேசைக்கடியில் நழுவவிடுவது அவர்கள்தான்.

செல்லப்பிராணிக் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் வறுத்த எலும்பு, புகை போட்ட எலும்பு ஆகியவையும் சூடுபட்டவைதான். இத்தகைய பதப்படுத்திய எலும்புகளால் நாய்களுக்குத் தீங்கு நேர்ந்ததைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் பொதுமக்களை எச்சரித்தது. பாக்கெட் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

முதல் வேலை: உங்கள் நாயின் வாயைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் நாயை மடியோரம் உட்கார வைத்து மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் பக்கவாட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு பல் தெரியும். அதுவும் கீழ்த்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல உரசிக்கொண்டு வெட்டுகின்றன. நாய் எலும்பைத் தலை சாய்த்து வாயின் ஓரத்தில் வைத்துக் கடிப்பது இதற்காகத்தான். கடினமான எலும்பைக் கடித்தால் முதலில் சிராய் பெயர்வதும் இந்த மேல்பல்தான். நாயின் பல் எனாமல் மனிதருடையதைவிட மெல்லியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓநாய் வழிவந்தது, எதையும் கடித்துத் தின்றுவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு பல்லை மனதில் வைத்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பல்லில் ஏற்கெனவே விரிசலோ, நடுவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளியோ இருந்தால் எலும்பை மறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அது பல்லின் உயிர்ச்சதை வெளியே தெரிவதன் அடையாளம். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

வேறு யாருக்கெல்லாம் எலும்பு வேண்டாம்? பால்பல் விழுந்து முளைக்கும் குட்டிகளுக்கு ஆறு ஏழு மாதம் ஆகும்வரை வேண்டாம். பல் தேய்ந்த கிழட்டு நாய்க்கு வேண்டாம். ஒருமுறையாவது கணைய அழற்சி வந்த நாய்க்கும் அடிக்கடி மலச்சிக்கல் வரும் நாய்க்கும் வேண்டாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம், பல்லும் கோணல்மாணலாக நெருங்கி இருக்கும். அவற்றுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் தவழும் குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தாலும் பச்சை எலும்பைத் தள்ளிப்போடுங்கள். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் அவற்றைத் தாங்கிக்கொண்டுவிடும், அதன் வாயும் சாணமும் வழியாக வீட்டாருக்கு வந்து சேரும்.

அப்புறம், உங்கள் நாய் எப்படித் தின்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிஸ்கட்டைக் கொடுத்தால் மெல்லுமா, அப்படியே விழுங்குமா? சில நாய்கள் முன்பற்களால் நறுக் நறுக்கென்று சுரண்டும். சில கடைவாயில் வைத்து நொறுக்கும். சில எதையும் மெல்லாமல் உள்ளே தள்ளும். எலும்பின் அளவையும் வகையையும் முடிவு செய்வது இனத்தின் பெயரைவிட இந்தப் பழக்கம்தான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு நாட்டு நாய்களில் ஒன்று பொறுமையாகச் சுரண்டும், இன்னொன்று ஐந்து நிமிடத்தில் உடைத்து விழுங்கும்.

ஆட்டெலும்பா, மாட்டெலும்பா

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. வெளிநாட்டு அறிவுரைகளில் "மாட்டெலும்பு நல்லது" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அங்கே இறைச்சிக்கென்றே வளர்த்து இளவயதில் அறுக்கும் மாடுகள். தமிழ்நாட்டில் கறிக்கடைக்கு வருபவை பெரும்பாலும் பால் வற்றியவை அல்லது உழவுக்கும் வண்டிக்கும் இனி ஆகாத வயதான மாடுகள், எருமைகள். பல வருஷம் அத்தனை எடையைத் தாங்கி நின்ற காலெலும்பு கல் மாதிரி இறுகியிருக்கும். ஆடு அப்படியில்லை. நம் கடைகளில் அறுப்பது பெரும்பாலும் இளம் ஆடுகள். எலும்பு அத்தனை இறுகியிருக்காது. ஆனால் சின்னது, விழுங்கிவிடும் அளவு.

ஆக, மாட்டெலும்பில் பல் உடையும் பயம், ஆட்டெலும்பில் தொண்டையில் சிக்கும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எலும்பைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. அதற்கு இரண்டு அளவுகோல்கள் போதும்.

ஒன்று, எலும்பு நாயின் மூக்கு முனையிலிருந்து கண் வரையிலான நீளத்தைவிடக் கண்டிப்பாகப் பெரிதாக இருக்க வேண்டும். முழுத் தலை அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பெரியதை எடுங்கள்.

இரண்டு, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். மூட்டு முனையிலுள்ள குருத்தெலும்பில் பதியும். நல்லியின் நடுத்தண்டில் பதியவே பதியாது. நகம் பதியாத இடம் பல்லுக்கும் ஆகாது.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் முதலிடம் மாட்டின் மூட்டுக்கு. தொடை எலும்பின் உருண்டையான முனை, அல்லது முழங்கால் மூட்டு. வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு குருத்துத் தொப்பி போட்டிருக்கும். அதற்கடியில் இருப்பது கடற்பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த எலும்பு, தண்டைப் போல இறுகியது இல்லை. நாய் முன்னங்கால்களால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரப்பல்லால் குருத்தைச் சீவிச் சீவி எடுக்கும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பத்தை வருவதைப் போலப் பெரிதாகப் பெயராது, மெல்லிய சுருள்களாகத்தான் வரும். அது விழுங்கினாலும் செரிக்கும். லேப்ரடார், ராஜபாளையம், கோம்பை போன்ற பெரிய நாய்களுக்கும் நடுத்தர நாட்டு நாய்க்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். கிடைக்கும் இடத்தில் மாட்டின் மார்பெலும்பையும் கேளுங்கள். விலாக்கள் முன்பக்கம் வந்து சேரும் அந்தப் பகுதி முழுக்கக் குருத்தும் பஞ்செலும்பும்தான்.

மாட்டு மூட்டு கிடைக்காத ஊரிலும், வீட்டில் மாட்டிறைச்சி புழங்காத குடும்பங்களிலும் ஆட்டின் கழுத்து நல்ல தேர்வு. முழுக் கழுத்து, வெட்டாமல், சதையோடு. இதில் அந்த 'வெட்டாமல்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கழுத்து முள்ளெலும்புகள் தனித்தனியாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் உணவுக்குழாயில் போய் உட்காரச் சரியான அளவு, நாலு பக்கமும் முனைகளோடு. ஒன்றாகக் கோத்திருக்கும்வரை நாய் சதையைப் பிய்த்துக்கொண்டு நெடுநேரம் ஓட்டும். 20 கிலோவுக்குட்பட்ட நாய்களுக்கு இது பொருந்தும். அதைவிடப் பெரிய, நொறுக்கித் தின்னும் நாய் ஆட்டுக் கழுத்தைக் கொஞ்ச நேரத்தில் துண்டுதுண்டாக்கி விழுங்கிவிடும். அது கடிக்கும் எலும்பாக இருக்காது, ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும்.

பொமரேனியன், ஷிட்சூ மாதிரி சின்ன நாய்களுக்கு ஆட்டுத் தொடையெலும்பு, இரண்டு பக்க மூட்டும் முழுசாக இருப்பது. முனைகளில் உள்ள குருத்தை மட்டும் அது தின்னட்டும். குருத்து தீர்ந்து வெறும் தண்டு தெரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஆட்டின் தண்டெலும்பு சுவர் மெல்லியது. உடைந்தால் பச்சையாக இருந்தாலும் முனை கத்திதான்.

வாங்கக் கூடாதவை

நல்லி எலும்பை வளையம் வளையமாக வெட்டிக் கொடுப்பார்கள். நமக்கு உறிஞ்ச நல்லது, நாய்க்கு மிக மோசமானது. உள்ளே இருக்கும் மஜ்ஜையை நக்க நாக்கை விட்டு, அந்த வளையம் கீழ்த்தாடையில் கோரைப் பற்களைத் தாண்டிப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். நாய் பயந்து துள்ளும், தாடை வீங்கும். மயக்க மருந்து கொடுத்து எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நல்லியை நீளவாக்கில் முழுதாக வாங்கினாலும் பெரிய மாட்டின் தண்டு பல்லுக்கு ஆபத்து. அதோடு மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு. பழக்கமில்லாத வயிற்றில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும்.

விலாவைத் தனித்தனிக் குச்சிகளாக வெட்டியிருந்தால் வேண்டாம். குச்சி மேலண்ணத்தில் குறுக்காக, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் போய் இறுகிவிடும். நாய் முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும்.

ஆட்டுக்கால் மலிவு என்று தோன்றும். ஆனால் கடைகளில் காலையும் தலையையும் முடி போகத் தீயில் வாட்டித்தான் தருகிறார்கள். வாட்டியது பச்சை எலும்பு ஆகாது. தவிர, குளம்புப் பகுதியில் இருக்கும் சிறு சிறு எலும்புகள் அப்படியே விழுங்கப்படும்.

ஆட்டின் சப்பை எலும்பு, அதாவது முன்சப்பையில் வரும் தட்டையான எலும்பு, ஓரம் பிளேடு மாதிரி மெலிந்தது. பன்றி எலும்பு வேண்டாம். பச்சைப் பன்றியிறைச்சியில் வரும் ஒட்டுண்ணிகளும் கிருமிகளும் விளையாட்டுக் காரியமில்லை.

கோழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆறு வாரம்போல வளர்ந்த பிராய்லர் கோழியின் பச்சை எலும்பு மெத்தென்றிருக்கும், நாய் சுலபமாக நொறுக்கித் தின்னும். ஆனால் அதில் கடிக்க ஒன்றுமில்லை. நாய்க்கு வேலையும் கொடுக்காது, பல்லையும் சுத்தம் செய்யாது. கோழியில் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி அதிகம். 2018-இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து, தின்னும் நாய்களுக்குக் கால்கள் வலுவிழந்து போகும் ஒரு நரம்பு முடக்க நோய் வரும் வாய்ப்பு கூடுவதாகக் கண்டறிந்தார்கள். கடிக்கும் எலும்புக்காகக் கோழியைத் தேட வேண்டியதில்லை என்பது என் முடிவு.

கடையில் என்ன கேட்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். கூட்டத்தில் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரமிருக்காது. வாரநாளில், கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போனால் அன்று அறுத்த எலும்பு கிடைக்கும்.

"நாய்க்கு எலும்பு கொடுங்க" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ஒரு கழிவுப் பைதான் வரும். வெட்டுக்கட்டையைச் சுற்றிக் கிடக்கும் எலும்புச் சில்லுகள், கொழுப்பு, ஜவ்வு, நுரையீரல் துண்டு எல்லாம் கலந்தது. கடைக்காரர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பைதான் ஆபத்து. கத்தியால் ஓங்கி வெட்டிய எலும்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், முள் முள்ளாக இருக்கும்.

அதனால் குறிப்பிட்டுக் கேளுங்கள். "அண்ணே, மூட்டு எலும்பு ஒண்ணு முழுசா வேணும், வெட்டாதீங்க, நாய் கடிக்கிறதுக்கு. காசு வாங்கிக்குங்க." கடைசி வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் நல்லது. காசு கொடுத்து வாங்கும்போது நாம் கேட்டது கிடைக்கும், அடுத்த முறை எடுத்தும் வைப்பார்கள். தொடை எலும்பை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மின்ரம்பம் இருக்கும் கடையில் அறுத்து வாங்குங்கள். மூட்டோடு சேர்ந்து தண்டில் ஒரு சாண் இருக்கும்படி அறுக்கச் சொல்லி, வீட்டில் கொடுக்கும்போது அறுத்த முனையைக் கவனியுங்கள்.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது: சதை இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டும், பச்சை படர்ந்திருக்கக் கூடாது. தொட்டால் ஈரமாக இருக்கலாம், வழவழவென்று நூல் இழுக்கக் கூடாது. மூட்டுக் குருத்து பளபளவென்று வெள்ளையாக இருந்தால் புதுசு. மஞ்சளாகக் காய்ந்திருந்தால் நேற்றையது.

ஒன்றை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். கூடவே பச்சை நுரையீரல், ஈரல் துண்டுகளைத் தந்தால் வாங்காதீர்கள். ஆடு மாடுகளின் இந்த உறுப்புகளில்தான் நீர்க்கட்டி நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழு வளர்ந்து, முட்டை சாணத்தில் வெளியே வரும். அந்த முட்டை நம் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும், அறுவை சிகிச்சை வரை போகும். இந்தியாவில் இது இருக்கும் நோய்தான். நாய்க்குப் பச்சை எலும்பு கொடுக்கும் வீட்டில் நாடாப்புழுவுக்கான பூச்சி மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, தவறாமல் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் தயார் செய்வது

எலும்பைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல அலசி, ஒட்டியிருக்கும் சில்லுகளை விரலால் தடவி எடுத்தால் போதும். தடித்த கொழுப்பைக் கத்தியால் நீக்குங்கள். முதல் சில முறைகளுக்கு, தண்டுப் பக்கம் மஜ்ஜை தெரிந்தால் ஸ்பூன் காம்பால் முக்கால்வாசியை நோண்டி எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம். ஒரு வாரமாவது நன்றாக உறைந்திருந்தால் சதையில் இருக்கும் பல ஒட்டுண்ணிகள் செத்துப்போகும். பாக்டீரியா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். கொடுப்பதற்கு முந்தின இரவே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று உறைந்தபடியே கொடுப்பவர்கள் உண்டு. உறைந்த எலும்பு இன்னும் கடினம், பல் உடைய அதுவே போதும்.

முதல் தடவை கொடுக்கும்போது

நாய்க்கு வழக்கமான சாப்பாட்டைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கொலைப் பசியோடு இருக்கும் நாய் மெல்லாது, விழுங்கத்தான் பார்க்கும். இடம், கழுவிவிடக்கூடிய தரை. மொட்டை மாடியோ பால்கனியோ சரி, மண் தரை வேண்டாம். புதைத்து வைத்து நாலு நாள் கழித்துத் தோண்டி எடுக்கும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை. எத்தனை ஒற்றுமையாக இருந்தாலும் எலும்பு விஷயத்தில் நட்பு நிற்காது.

நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எலும்பைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வரும் பேச்சே இல்லை. முதல் தடவை 15 நிமிடம் போதும். சத்தத்தைக் கவனியுங்கள். கர் கர் என்று சுரண்டும் சத்தம் நல்லது. 'டக்' என்று உடையும் சத்தம் வந்தால் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். எச்சிலில் கொஞ்சம் ரத்தக்கறை தெரிந்தால் ஈறு உரசியிருக்கலாம், அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். நிற்காமல் வந்தால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

எடுப்பது எப்படி என்பதுதான் புதியவர்கள் பலருக்கும் சிக்கல். கையை நீட்டிப் பிடுங்கினால், அடுத்த முறை நீங்கள் பக்கத்தில் வந்தாலே உறுமக் கற்றுக்கொள்ளும். வேகவைத்த எலும்பில்லாத கோழித் துண்டு நாலைந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நாய்க்கு எதிரே போடுங்கள், அடுத்ததைக் கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்ததை இன்னும் தள்ளி. நாய் எலும்பை விட்டு நகர்ந்து தின்னும்போது எடுங்கள். முதல் சில நாட்கள் எடுத்த எலும்பைத் திரும்பவும் கொடுத்து, மறுபடி இப்படியே வாங்குங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் வீட்டில் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. கோழியைக் காட்டியும் உறுமி, பல்லைக் காட்டும் நாய்க்கு எலும்பு கொடுப்பதை நிறுத்தி, பயிற்சியாளரின் உதவியைக் கேளுங்கள்.

அறையின் வெப்பத்தில் பச்சை எலும்பு இரண்டு மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடையில் அரை மணி நேரத்தோடு நிறுத்துவதே நல்லது, ஈயும் எறும்பும் வேறு மொய்க்கும். மிச்ச எலும்பைப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் இன்னொரு முறை கொடுக்கலாம். காய்ந்து இறுகிவிட்டாலோ, வாய்க்குள் அடங்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டாலோ வெளியே போட வேண்டியதுதான். தெருவில் வீசாதீர்கள். அது தெரு நாயின் தொண்டையில் சிக்கும். பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, கையையும் கழுவுங்கள். நாய் முகத்தை நக்க வந்தால் அன்றைக்கு ஒரு மணி நேரம் தள்ளியே வையுங்கள்.

மறுநாள் சாணத்தைப் பாருங்கள். வழக்கம்போல இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை என்று தொடரலாம். வெள்ளையாகச் சுண்ணாம்புத் துண்டு போல உதிர்ந்தால் எலும்பு அதிகமாக உள்ளே போயிருக்கிறது, நேரத்தைக் குறைக்க வேண்டும். கொழகொழவென்று போனால் கொழுப்பு அதிகம். வாரம் ஒருமுறை எலும்பு கடிப்பதால் பல் துலக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முன்பற்களுக்கு எலும்பு அவ்வளவாகப் படாது, அங்கே நாய்க்கான பற்பசையும் பிரஷும்தான்.

ஏதாவது ஆகிவிட்டால்

நாய் தலையை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் குடித்ததும் திரும்ப வருகிறது என்றால் உணவுக்குழாயில் எலும்பு சிக்கியிருக்கலாம். மீன் முள் சிக்கினால் நமக்குச் சோற்று உருண்டை கொடுப்பார்களே, அதையே நாய்க்கும் செய்யப் பார்ப்பார்கள். வாழைப்பழம் ஊட்டுவார்கள். செய்யவே கூடாது. சிக்கிய துண்டு இன்னும் ஆழமாக இறங்கும், குழாயைக் கிழிக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான், கூர்மையான துண்டு வரும் வழியிலும் கிழிக்கும். துண்டு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே சதை அழுகத் தொடங்கும். ஆகவே காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

நாக்கு நீலமாகி மூச்சே விட முடியாமல் திணறினால் அது வேறு, மூச்சுக்குழல் அடைபட்டிருக்கிறது. வாயைத் திறந்து, துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பக்கவாட்டிலிருந்து விரலால் தட்டி வெளியே எடுங்கள். தெரியாததைத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சின்ன நாயைப் பின்னங்காலைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் தட்டலாம். இதைச் செய்துகொண்டே வண்டியை வரச் சொல்லுங்கள்.

ஓரிரு நாள் கழித்து வாந்தி, வயிறு இறுகிப்போவது, முக்கி முக்கியும் சாணம் வராமல் இருப்பது, சாணம் கறுப்பாகவோ ரத்தமாகவோ வருவது, முதுகை வளைத்து ஒரு மூலையில் நிற்பது, இதில் எது தெரிந்தாலும் குடலைச் சந்தேகிக்க வேண்டும். எலும்பு எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும் என்பது இதில் ஒரு ஆறுதல். பக்கத்துச் சிறிய கிளினிக்கில் எக்ஸ்ரேயோ எண்டோஸ்கோப்பியோ இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. எலும்பு வாங்கத் தொடங்கும் முன்பே, உங்கள் ஊரில் இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று விசாரித்து எண்ணைப் போனில் சேமித்துவிடுங்கள்.

போகும்போது நாய் கடித்த எலும்பின் மிச்சத்தையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். எந்த எலும்பு, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, உள்ளே போன துண்டு எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று மருத்துவர் அதைப் பார்த்தே கணித்துவிடுவார். எப்போது கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.